முதுகும் தோளும்

விழா முத்திரை இல்லாத ஜப்பானியப் படத்தை நான் பல வருஷம் தொட்டதே இல்லை. போஸ்டரில் கான், வெனிஸ், லொகார்னோ என்று ஏதாவது ஒரு பெயர் இருக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த படம். உவேதா ஷினிச்சிரோவின் ‘ஒன் கட் ஆஃப் தி டெட்’ படத்தை ‘ஸாம்பி காமெடிதானே’ என்று ஒதுக்கியதும் அப்படித்தான். தாமதமாகப் பார்த்தபோது, நான் பெரிதும் மதிக்கும் ஹமாகுச்சி ரியூசுகேயின் ‘ஹேப்பி ஹவர்’ நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது.

இரண்டும் நடிப்புப் பட்டறைகளில் பிறந்த படங்கள். கோபேயில் ஹமாகுச்சி நடத்திய பட்டறைக்கு வந்தவர்களே ‘ஹேப்பி ஹவரி’ன் நடிகர்கள். 317 நிமிடப் படம். தொழில்முறை நடிகைகள் அல்லாத நான்கு பெண்களும் 2015இல் லொகார்னோவில் சிறந்த நடிகை விருதைப் பகிர்ந்துகொண்டார்கள். உவேதாவின் படத்துக்குச் செலவு சுமார் 3 மில்லியன் யென். முதல் 37 நிமிடம் ஒரே ஷாட். 2018இல் தோக்கியோவின் இரண்டு சிறிய அரங்குகளில் வெளியாகி, வசூல் 3 பில்லியன் யென்னைத் தாண்டியது.

‘ஹேப்பி ஹவரி’ல் ஒரு பயிற்சிக் காட்சி வருகிறது. முதுகோடு முதுகு ஒட்டித் தரையில் உட்கார்ந்தவர்கள், கை ஊன்றாமல் சேர்ந்து எழ வேண்டும். ‘ஒன் கட்’டின் கடைசியில் கிரேன் உடைந்துபோகிறது. நடிகர்களும் குழுவினரும் ஒருவர்மேல் ஒருவர் ஏறிக் கோபுரமாக நிற்க, அப்பாவின் தோளில் மகள் கேமராவோடு உட்கார்கிறாள். இரண்டு படங்களிலும் மனித உடம்புதான் பாரம் தாங்குகிறது.

நான் சிரித்தேன், கண்ணும் கலங்கியது. ஆனால் எனக்குள் இருக்கும் எஞ்சினியர் சும்மா இருக்கவில்லை. இதே காரியம் என் வேலையிடத்தில் நடந்தால் அன்றைக்கே வேலையை நிறுத்துவார்கள். கருவி இல்லாத இடத்தை அன்பால் நிரப்புவது திரையில் அழகு. தினசரி வேலைமுறையாகிவிட்டால் அது சுரண்டல். 2022இல் கொரே-எதா ஹிரோகாசு உள்ளிட்ட இயக்குநர்கள், பிரான்சில் இருப்பதுபோல் திரைத்துறையே தன்னைத் தாங்கும் பொது நிதி அமைப்பு ஜப்பானுக்கும் வேண்டும் என்று கேட்டார்கள். உழைப்புச் சூழலைச் சரிசெய்வதும் அந்தக் கோரிக்கையில் இருந்தது.

உவேதா அந்தக் கோபுரத்தோடு படத்தை முடித்துவிடுகிறார். ஹமாகுச்சி முடிப்பதில்லை. பயிற்சி முடிந்து எல்லோரும் சாப்பிட உட்காரும்போது, தோழிகளில் ஒருத்தி மறைத்துவைத்த விவாகரத்து வழக்கு வெளியே வருகிறது. சற்று முன் முதுகைத் தாங்கியவர்களுக்கு இப்போது அவளைத் தாங்கத் தெரியவில்லை. ‘ஹேப்பி ஹவர்’ பெரிய படம் என்று இன்றும் சொல்வேன். முன்பு அதற்குக் காரணமாக லொகார்னோ விருதைத்தான் காட்டியிருப்பேன். இப்போது இந்தச் சாப்பாட்டு மேசையைக் காட்டுவேன். அதைக் கவனிக்கக் கற்றுத்தந்தது நான் ஒதுக்கிய ஸாம்பி காமெடி.