உறையில் ஓவியர் பெயர் எங்கே?

நம் சங்க மலருக்கு இசைத்தட்டு உறைகளைப் பற்றி எழுதித் தரும்படி தலைவர் ஐயா பணித்தார்கள். நாய் மார்க், கொலம்பியா, ஓடியன் என்று எந்தக் கம்பெனித் தட்டு யார் வீட்டு அலமாரியில் இருக்கிறது என்பதுவரை உறுப்பினர்களுக்கு மனப்பாடம். ஆகவே அடிப்படைகளை விட்டு, உறைக் கலையின் மூன்று வழிகளையும் அவற்றின் தரத்தையும் மட்டும் சொல்கிறேன்.

முதலாவது கம்பெனி உறை. 78 சுழற்சித் தட்டுக்கு நடுவில் வட்டமாக வெட்டிய தாள். அதில் கம்பெனி முத்திரை, சிலவற்றில் விற்ற கடையின் பெயர். பக்ஷிராஜா நிறுவனத்தின் 'மலைக்கள்ளன்' படம் 1954இல் வந்து எஸ்.எம். சுப்பையா நாயுடுவின் மெட்டுகள் ஊரெங்கும் ஒலித்தபோதும் உறை அப்படித்தான். எம்.ஜி.ஆர் முகத்தை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டுமானால் பாட்டுப் புத்தகம்தான் வாங்க வேண்டும். பாட்டுப் புத்தக அட்டையே நமது முதல் உறை என்று நம் மூத்தோர் சொல்வது முற்றிலும் சரி. பீட்டில்ஸ் குழுவினர் 1967இல் 'சார்ஜன்ட் பெப்பர்' உறையின் பின்புறம் பாடல் வரிகளை முழுதாக அச்சிட்டதை உலகம் புதுமை என்றது. கோவை சிங்காநல்லூர் சென்ட்ரல் ஸ்டுடியோவில் படமெடுத்த காலத்திலேயே நம்மவர்கள் பாட்டுப் புத்தகத்தில் வரிகளை அச்சிட்டுச் சில்லறைக் காசுக்கு விற்றாயிற்று.

இரண்டாவது ஸ்டில் வழி. ஈ.பி., எல்.பி. தட்டுகள் பரவிய பின் படத்தின் ஸ்டில்லை வெட்டி ஒட்டி, பின்னணிக்கு ஒரு வண்ணம் கொடுத்து, தலைப்பை மட்டும் கையால் எழுதினார்கள். இதில் சிறப்பானவையும் உண்டு. அவசர வேலையும் உண்டு.

மூன்றாவது தூரிகை வழி. நான் பயின்றது இது. என் ஆசான் டவுன்ஹால் பக்கம் சினிமா பேனர் எழுதியவர். கட்டம் போட்டு முகத்தைப் பெரிதாக்கும் கணக்கும், ஒரு சாண் அட்டைக்குள் அதே முகத்தை அடக்கும் கணக்கும் வேறு வேறு என்பார். முகத்தில் மஞ்சளும் நீலமும் எங்கே சந்திக்க வேண்டும் என்பதை அவர் விரலால் தொட்டுக் காட்டுவார். எழுத்துக்கு அவர் வைத்த விதி ஒன்றே: பாட்டைக் கேட்காமல் தலைப்பு எழுதாதே. சோகப் படத்தின் 'ழ'கரச் சுழி வேறு, சண்டைப் படத்தின் சுழி வேறு. இந்தப் பாடத்தை இன்றுவரை வேறு யாரிடமும் நான் கேட்டதில்லை.

இப்போது உறை வடிவமைக்கும் இளைஞர்கள் உழைப்பாளிகள். அவர்களைக் குறை சொல்வது என் நோக்கமன்று. ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கைப்பேசித் திரையில் கட்டை விரல் நகத்தளவு சதுரம்தான் இன்றைய உறை. எந்தப் பாட்டுக்கும் ஒரே கணினி எழுத்து. பிளெக்ஸ் வந்து பேனரை விழுங்கியது. தெருவில் ஓவியன் கை எழுதிய எழுத்தே அருகிவிட்டது. நல்ல எழுத்தைப் பார்க்காமல் வளரும் கண், மோசமான எழுத்தை எப்படி அடையாளம் காணும்? கடைப் பலகை, கல்யாணப் பத்திரிகை, கோயில் அறிவிப்பு என எல்லாம் ஒரே முகமாகிவிட்டன. ஒரு தலைமுறையின் ரசனையே சரிந்திருக்கிறது என்றுதான் சொல்வேன். போதாக்குறைக்கு, பழைய உறையைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்ட விற்று, தட்டைத் தனியே தள்ளிவிடுகிறவர்களும் பெருகிவிட்டார்கள்.

பீட்டில்ஸின் 'ரிவால்வர்' உறையை 1966இல் வரைந்த கிளவுஸ் ஃபோர்மனுக்கும், 'சார்ஜன்ட் பெப்பர்' உறையை உருவாக்கிய பீட்டர் பிளேக், ஜான் ஹாவொர்த் இருவருக்கும் கிராமி விருது கொடுத்தார்கள். அவர்கள் பெயர்கள் இன்று உலகறிந்தவை. நம் உறைகளில் பாடகர் பெயர், இசையமைப்பாளர் பெயர், கம்பெனி பெயர் எல்லாம் உண்டு; வரைந்தவன் பெயரைத் தேடித்தான் பார்க்க வேண்டும். தரம் தாழ்ந்ததற்கு வேர் அங்கேதான் இருக்கிறது. பெயர் இல்லாத வேலைக்குப் பரம்பரை நிற்பதில்லை.

உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்களிடமுள்ள ஒவ்வோர் உறையின் மூலையிலும் கையொப்பம் இருக்கிறதா என்று பாருங்கள். வரைந்தவர் யாரென்று மூத்தோர்க்குத் தெரிந்தால் கேட்டு எழுதி, சங்கச் செயலாளரிடம் சேர்த்துவிடுங்கள். அடுத்த மலரில் அந்தப் பெயர்ப் பட்டியல் அச்சாக வேண்டும்.