சிம்புதேவனின் கட்டங்கள்: புலிகேசியும் முரட்டு சிங்கமும்

சிம்புதேவனைப் பற்றி ரொம்ப வருஷமா நான் ஒரே கருத்தைத்தான் சொல்லிட்டு வந்தேன். 'இம்சை அரசன் 23-ம் புலிகேசி' சாதனை, 'இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்' வீண் முயற்சி. போன மாசம் ரெண்டையும் அடுத்தடுத்த நாளில் திரும்பப் பார்த்தேன். முதல் கருத்தில் மாற்றம் இல்லை. ரெண்டாவதைத் திருத்திக்கணும்.

மதுரைக்காரரான சிம்புதேவன் ஆனந்த விகடனில் கார்ட்டூனிஸ்ட்டாக இருந்தவர், சேரனிடம் உதவி இயக்குநராக வேலை பார்த்தவர். ஹாலிவுட்காரர்கள் பேட்மேனை எடுத்த மாதிரி அவர் ஒரு குறிப்பிட்ட காமிக்ஸை எடுத்துத் திரைக்கதை ஆக்கவில்லை. காமிக்ஸ் என்கிற வடிவத்தையே திரைக்கதைக்குக் கொண்டு வந்தார். அதனால்தான் அவரைக் கவனிக்க வேண்டியிருக்கு.

2006 ஜூலையில் வந்த புலிகேசியைக் கட்டம் கட்டமாகப் பிரிச்சுப் பாருங்க. சாதிச் சண்டை போட அரசே மைதானம் திறக்குது. வெளிநாட்டு பானத்துக்கு அரசரே விளம்பரம் பண்றார். கட்டுமஸ்தான ஒருத்தன் உடம்பில் அரசர் தலையை வைத்து ஓவியம் தயாராகுது. ஒவ்வொன்றும் தனித்தனி கார்ட்டூன். ஒரு கட்டம், ஒரு அடி, அடுத்த கட்டம். 'க க க போ' ஊர் முழுக்கப் பரவினதும் இதனால்தான். பேச்சுக்குமிழுக்குள் அடங்குகிற அளவு அது. பி.கிருஷ்ணமூர்த்தியின் அரங்குகளும் நிஜ அரண்மனையாக நடிக்காமல் சித்திரக்கதைப் பின்னணி மாதிரியே நிற்குது.

இதில் தயாரிப்பாளருக்கும் பங்கு உண்டு. எஸ் பிக்சர்ஸ் ஷங்கர் ஒரு முதல் பட இயக்குநரை நம்பி, வடிவேலுவை நாயகனாக்கி, ராஜா காலத்துப் படத்துக்குப் பணம் போட்டார். நாயகன் கோமாளி என்பதால் அவனுக்கு வீரம் காட்டும் கடமை இல்லை. அந்த வேலையை உக்கிரபுத்தன் பார்த்துக்கிறான். கார்ட்டூனுக்கு இடைஞ்சல் வரவில்லை.

2010-ல் வந்த முரட்டு சிங்கத்தில் அந்த வசதி இல்லை. தூக்குக் கயிற்றிலிருந்து தப்பும் ஒரு திருடன், காணாமல் போன வீரன் சிங்கம் மாதிரி நடிக்கணும். லக்கி லூக் கதையாகவே ஆகியிருக்கக்கூடிய கரு இது. ஆனால் ராகவா லாரன்ஸ் நாயகன் என்றால் பாட்டும் ஆட்டமும் வேணும், ஊருக்காகக் கண்ணீர் விடணும். ஒவ்வொரு முறை படம் இதுக்காக நிற்கும்போதும் பக்கம் புரட்டுகிற வேகம் செத்துப்போகுது. இந்தக் குறையை நான் இன்னும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

நான் தப்பாகப் பார்த்தது வேறு இடத்தில். ஜெய்சங்கர்புரம், யுஎஸ்ஏபுரம், கிழக்குக் கட்டை என்று பெயர் வைத்ததை வெறும் கிண்டல்னு நினைச்சேன். 'கௌபாய் உலகத்தை நம்பாதவர் ஏன் கௌபாய் படம் எடுக்கணும்' என்று எழுதக்கூட செஞ்சேன்.

எங்க வீட்டில் பேசுவது தெலுங்கு. ஓசூர்ப் பக்கம் இது சகஜம். கடையில் கன்னடம், நைனா வேலை பார்த்த தொழிற்சாலையில் எல்லாம் கலந்து. பள்ளிக்கூடத் தமிழ் எனக்கு மார்க் வாங்கித் தந்தது, அவ்வளவுதான். தமிழைத் தேடிப் படிக்க வைத்தது கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் நைனா வாங்கித் தந்த லயன், முத்து காமிக்ஸ். டெக்ஸ் வில்லர் 1948-ல் இத்தாலியில் பிறந்தவர். அவர் இருப்பது அரிசோனாவில். எங்கிட்ட வந்து சேர்ந்தது சிவகாசித் தமிழில். கிருஷ்ணகிரி மலையின் மொட்டைப் பாறைகளைப் பார்த்தால் அந்தப் படங்களுக்கும் எங்க ஊருக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. பெங்களூரு தாண்டி ராமநகரத்துப் பாறைகளில்தான் 'ஷோலே'யே எடுத்தாங்க.

இந்தத் தடவை மகளும் கூட உட்கார்ந்து பார்த்தாள். "கௌபாய் ஏம்ப்பா தமிழ் பேசறான்?" என்று கேட்டாள். நைனா திரும்பாமலே தெலுங்கில் பதில் சொன்னார்: "நாம பேசலையா?"

எனக்கு அங்கேதான் உறைத்தது. எங்க மென்பொருள் வேலையில் லோக்கலைசேஷன் என்போம். திரையில் வரும் எழுத்துகளை மட்டும் மாற்றினால் பயனருக்கு அந்நியமாகவே இருக்கும். அவர் கையாளும் உலகமும் மாறணும். சிம்புதேவன் எடுத்தது அமெரிக்காவைப் பற்றிய படம் இல்லை, தமிழ் வாசகன் மனசில் இருந்த அமெரிக்காவைப் பற்றிய படம். இரும்புக்கை மாயாவியை முத்து காமிக்ஸ் கொண்டுவந்தது 1972-ல். கர்ணன் இயக்கத்தில் ஜெய்சங்கர் குதிரை ஏறிய 'கங்கா', 'ஜக்கம்மா' வந்ததும் அதே 1972. அந்த ரெண்டு ஞாபகமும் கலந்த நிலத்துக்கு ஜெய்சங்கர்புரத்தை விடப் பொருத்தமான பெயர் கிடையாது. செவ்விந்தியத் தலைவர் புரியாத மொழியில் பேச, பக்கத்தில் ஒருத்தர் மொழிபெயர்க்கும் காட்சி வெறும் காமெடி இல்லை. அந்த மொழிபெயர்ப்பாளர் உட்கார்ந்திருக்கும் இடத்தில்தான் நாங்கெல்லாம் வளர்ந்தோம்.

2015-ல் விஜய்யை வைத்து எடுத்த 'புலி'யில் சிக்கல் முழுசாகத் தெரிஞ்சது. மாய உலகம், குள்ள மனிதர்கள், சூனியக்காரி அரசி என்று அம்புலிமாமாவில் வரக்கூடிய எல்லாம் இருந்தது. நட்சத்திரத்தின் அளவுக்குக் கட்டம் பெரிசாக, கார்ட்டூனிஸ்ட் காணாமல் போயிட்டார். 2017-ல் ஆரம்பித்த 24-ம் புலிகேசி பாதியில் நின்றதால், திரும்பி வரும் வழியும் அடைபட்டது.

ஆக, என் திருத்தம் இது: புலிகேசி அவருடைய சிறந்த படம். முரட்டு சிங்கம் அவருடைய நேர்மையான படம். குறையோடு இருந்தாலும், எங்களை மாதிரி வாசகர்களைச் சினிமாவில் கணக்கில் எடுத்துக்கிட்ட படம் அது.

மகள் இப்போ அலமாரியில் இருந்து ஒரு பழைய டெக்ஸை எடுத்து வச்சிருக்கா. எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறாள். அவள் பள்ளியில் தமிழ் மூன்றாவது மொழி.