பாட்டும் பாட்டியும்

திரைப்படத்தின் தோளில் ஏறாமல் ஒரு தமிழ்ப்பாடல் ஊர்தோறும் சென்று சேர்வது அரிது. பக்திப் பாடல்களையும் தேர்தல் பாடல்களையும் விலக்கிப் பார்த்தால், கடந்த அரை நூற்றாண்டில் அவ்வாறு சேர்ந்தவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம். 2021 மார்ச் 7 அன்று வெளிவந்த 'என்ஜாய் எஞ்சாமி' அந்தச் சிலவற்றுள் ஒன்று. மாஜா என்னும் புதிய இசை நிறுவனத்தின் முதல் வெளியீடு அது. பாடியோர் 'தீ' என்னும் இளம்பெண்ணும் அறிவு என்னும் இளைஞரும்; பாடல் வரிகள் அறிவுடையவை; இசை சந்தோஷ் நாராயணன். சில வாரங்களிலேயே கோடிக்கணக்கானோர் அதைக் கேட்டனர். நம் இலுப்பூர்ப் பகுதியிலும் திருமணப் பந்தல், சிற்றுந்து, பள்ளி ஆண்டு விழா என்று அது ஒலிக்காத இடமில்லை. இவ்வளவு பேர் கேட்ட பாடலை இவ்வளவு குறைவாகச் செவிமடுத்தது ஏன் என்பதே நமது கேள்வி.

தலைப்பிலிருந்தே தொடங்குவோம். 'என் சாமி' என்பதன் பேச்சு வடிவமே 'எஞ்சாமி'. நம் கிராமங்களில் இச்சொல்லுக்கு இரு முகங்கள் உண்டு. தோள்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, நிலவுடையாளர் முன் குனிந்து நின்ற கூலியாள் சொன்ன சொல் இது. அதே கூலியாளின் மனைவி, தூளியில் அழும் குழந்தையை வாரியெடுத்து முத்தமிடும்போது சொன்னதும் இச்சொல்லே. அடிமைத்தனமும் அன்பும் ஒரே ஒலியில் குடியிருக்கின்றன. (நம்மைப்போன்ற பங்குக் குருக்களையும் மக்கள் 'சாமி' என்றே அழைக்கின்றனர், அது எந்தச் சாமி என்று நாம் அவ்வப்போது நம்மையே கேட்டுக்கொள்வது நலம்.) குனிய வைத்த சொல்லை எடுத்து, அதைக் கொஞ்சும் சொல்லாக எல்லாருக்கும் திருப்பித் தருகிறது பாடல். ஆங்கிலத்தின் 'என்ஜாய்' அதனருகே வந்து நிற்பது வெறும் எதுகைக்காக என்று முதலில் தோன்றும். கேட்கக் கேட்க, அனுபவிக்கும் உரிமை யாருக்கு மறுக்கப்பட்டதோ அவர்களை நோக்கிய அழைப்பாகவே அது ஒலிக்கிறது.

அவர்கள் யார்? அறிவு தம் பாட்டி வள்ளியம்மாளை மனத்திற்கொண்டே இப்பாடலை எழுதினார். இலங்கையின் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, நிலம் ஏதுமின்றித் தமிழகம் திரும்பிய குடும்பம் அவருடையது. இந்த வரலாறு நமக்கு அயலானதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கங்காணிகள் ஆள் திரட்டிய ஊர்களில் திருச்சி, புதுக்கோட்டைச் சீமைகளின் வறண்ட கிராமங்களும் அடங்கும். முதலில் காப்பி, பின்னர் தேயிலை. மன்னார் வழியாகக் காட்டுப் பாதையில் நடந்து சென்றவர்களுள் வழியிலேயே மடிந்தோர் பலர். மலையைத் தோட்டமாக்கிய அம்மக்களின் குடியுரிமையை 1948ஆம் ஆண்டுச் சட்டம் பறித்தது. 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் தலைவிதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைத்தது. ஆடுமாடுகளைக்கூட இப்படிப் பிரிக்க மாட்டார்கள். நாபோத்துக்காவது இழப்பதற்கு மூதாதையரின் திராட்சைத் தோட்டம் ஒன்று இருந்தது; இம்மக்களுக்கு அதுவும் இல்லை.

இதனால்தான் பாடலின் உயிர்நிலை அதன் பல்லவியில் இல்லை. பின்பகுதியில் வரும் ஒப்பாரியில் இருக்கிறது. ஒப்பாரி என்பது வெறும் அழுகையன்று; அது ஒரு கணக்கு. இறந்தவர் ஈட்டியவற்றையும் இழந்தவற்றையும் அடுக்கிச் சொல்லி, உலகத்தின் முன் வைக்கப்படும் வழக்கு. மரம் வளர்த்துத் தோட்டம் கண்ட பின்னும் நா வறண்டு நிற்பவளின் நிலையை அறிவு அந்த இலக்கணப்படியே அடுக்குகிறார். அவருடைய ராப் என்னும் தாளநடைப் பேச்சு அமெரிக்கக் கறுப்பின மக்களிடமிருந்து வந்தது என்றாலும், இங்கே அது ஒப்பாரியின் பேத்தியைப்போலத் தோன்றுவது வியப்பன்று. சாதி மறுப்பை இசையாக்கிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவிலும், 2019இல் வந்த 'தெருக்குரல்' தொகுப்பிலும் அவர் பழகிய வழிதான் இது. ஆனால் அங்கே முன்நின்ற சினம் இங்கே பின்னுக்கு நகர்ந்து, துயரம் முன்வந்திருக்கிறது. நமக்கு இதுவே மேலானதாகப் படுகிறது.

சாவு வீட்டில் பறை முழங்க ஆடுவோரைக் கண்ட எவரும், துயரமும் துள்ளலும் ஒரே பாடலில் வரலாமா என்று கேட்கமாட்டார்கள். குறை வேறிடத்தில் இருக்கிறது. நாய்க்கும் நரிக்கும் பூனைக்கும் பூமியில் பங்குண்டு என்று பாடல் விரியும்போது, உழைத்தவளுக்கு மட்டும் பங்கு தராதவர் யார் என்ற கேள்வி மங்கிவிடுகிறது. எல்லாருக்கும் பொது என்று சொல்வது எளிது. எவரிடமிருந்து மீட்பது என்பதே கடினம். அக்காட்டு மகிழ்ச்சியைப் படமாக்கிய காணொளியும் வண்ணங்களில் சற்று மயங்கிவிடுகிறது. ஆயினும் பாட்டி வள்ளியம்மாளே அதில் தோன்றும்போது, மற்ற ஒப்பனைகளெல்லாம் ஒதுங்கி வழிவிடுகின்றன.

நிலவுரிமை பற்றிய இப்பாடலே பின்னர் உரிமை வழக்காயிற்று என்பது கசப்பான உண்மை. 2021 ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' இதழின் அட்டையில் தீ இடம்பெற்றார், அறிவு இல்லை. இயக்குநர் பா. ரஞ்சித் உள்ளிட்டோர் கண்டித்த பின்னரே அறிவுக்கெனத் தனி அட்டை வந்தது. 2022 ஜூலை 28 அன்று சென்னைச் சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில், அறிவு இல்லாமலே பாடல் அரங்கேறியது; அதன்பின் அவர் தம் பங்கை வெளிப்படையாக எடுத்துரைக்க, சந்தோஷ் நாராயணன் தம் தரப்பை விளக்கினார். 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணனே, இப்பாடலால் தமக்கு ஒரு காசும் வந்து சேரவில்லை என்று அறிவித்தார்.

யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்பளிப்பது நம் பணியன்று. ஆயினும் ஒன்றைச் சொல்லலாம். நம் அருகிலுள்ள குடுமியான்மலைப் பாறையில், ஏழாம் நூற்றாண்டு அளவில் ஓர் அரசன் சுரங்களை வெட்டுவித்துத் தன் ஆசிரியர் உருத்திராசாரியரின் பெயரையும் பொறித்துவைத்தான். அரசனின் இசைக்குப் பாறை கிடைத்தது; ஒப்பாரிக்குக் கிடைத்ததில்லை. பெயரில்லாத பாட்டு எல்லாருடையது என்று நாம் பெருமை பேசுகிறோம். எல்லாருடையது என்றால் வலியவர் எடுத்துக்கொள்வார் என்பதைப் புறம்போக்கு நிலத்தைப் பார்த்தே கற்றிருக்க வேண்டும். மெட்டில் பலருக்குப் பங்கிருக்கலாம். ஆனால் தன் பாட்டியின் பெயரைப் பாட்டுக்குள்ளேயே பொதிந்துவைத்த அந்த இளைஞர், எதற்கு அஞ்சி அவ்வாறு செய்தார் என்பது பிந்தைய நிகழ்வுகளால் நமக்குத் தெளிவாகிறது.

பாடல் நான்கரை நிமிடத்துக்கும் மேல் ஓடுகிறது. நம் ஊர்ப் பந்தல்களில் பல்லவி இருமுறை ஒலிக்கும், பிள்ளைகள் ஆடுவார்கள், ஒப்பாரி தொடங்குமுன் ஒலிபெருக்கிக்காரர் அடுத்த பாடலுக்குத் தாவிவிடுவார்.