இரும்புக்கை மாயாவி எந்தத் தமிழில் பேசுவார்? சித்திரக்கதையும் திரைமொழியும்

சித்திரக்கதை நாயகர்களைத் திரைப்படத்துக்கும் தொலைக்காட்சித் தொடருக்கும் உரியவர்களாக மாற்றுவது இன்று உலகெங்கும் பெருந்தொழிலாக வளர்ந்துள்ளது. தமிழில் இத்தகைய முயற்சி பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் முதலில் நினைவுக்கு வரும் பெயர் இரும்புக்கை மாயாவி. இப்பெயரில் சூர்யாவை நாயகனாகக் கொண்டு ஒரு படம் எடுக்க எண்ணியிருந்ததையும் அது கைகூடாமற் போனதையும் இயக்குநர் லோகேஷ் கனகராஜ் நேர்காணல்களில் குறிப்பிட்டுள்ளார். இதனையொட்டி எழும் விவாதங்களில் செலவும், நடிகர் தேர்வும், கணினி வரைகலையும், உரிமைச் சிக்கலும் விரிவாகப் பேசப்படுகின்றன. திரையில் மாயாவி எந்தத் தமிழில் பேசுவார் என்பதை எவரும் கேட்பதாகத் தெரியவில்லை. மற்ற எல்லாவற்றையும்விட இதுவே முதலில் தீர்க்கப்பட வேண்டிய சிக்கல் என்பது இக்கட்டுரையின் கருத்து.

மாயாவியின் மூலம் ஆங்கிலம். 1962இல் இலண்டனிலிருந்து வெளிவரத் தொடங்கிய 'வேலியண்ட்' என்னும் சிறுவர் வார இதழில் 'ஸ்டீல் கிளா' என்ற பெயரில் இத்தொடர் தோன்றியது. தொடக்கக் கதைகளை எழுதியவர் கென் பல்மர். பின்னர் டாம் டல்லி எழுதினார். வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெஸூஸ் பிளாஸ்கோ. ஆய்வுக்கூட உதவியாளன் லூயிஸ் கிராண்டேல் விபத்தொன்றில் வலக்கையை இழந்து உலோகக் கை பொருத்தப் பெறுகிறான். மின்சாரம் பாயும்போது அவன் உடல் மறைந்துவிடும். உலோகக் கை மட்டும் கண்ணுக்குத் தெரியும். 1972இல் சிவகாசியில் சௌந்தரபாண்டியன் முத்து காமிக்ஸைத் தொடங்கியபோது முதல் இதழாக வந்தது இக்கதையே. 'நாச அலைகள்', 'உறைபனி மர்மம்', 'பாம்புத் தீவு' எனத் தொடர்ந்த இதழ்கள் பல தலைமுறையினரின் கைகளில் மாறி மாறிச் சென்றன. மூலத்தின் உரிமை 2018இல் ரெபெல்லியன் என்னும் ஆங்கில நிறுவனத்தின் கைக்குச் சென்றது. எனவே கதை ஒருவருடையது. அக்கதைக்குத் தமிழில் கிடைத்த பெயரும் பேச்சும் வேறிடத்தில் பிறந்தவை. தமிழ் வாசகர் நேசிப்பது இவ்விரண்டில் எதனை என்பதைப் பிரித்தறிய வேண்டும்.

பெயரையே எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத் தலைப்பு ஒரு கருவியின் பெயர். எஃகாலான உகிர் என்பது அதன் பொருள். சொல்லுக்குச் சொல் பெயர்த்திருந்தால் 'எஃகு நகம்' என்றாகியிருக்கும். ஆய்த எழுத்து இடம்பெறும் சொல்லைத் தலைப்பாக வைத்து ஒரு சிறுவர் இதழ் விற்றிருக்குமா என்பது ஐயமே. தமிழாக்கியவர் எஃகை இரும்பாகவும், உகிரைக் கையாகவும் எளிமைப்படுத்தினார். அத்துடன் நில்லாமல், மூலத்தில் இல்லாத 'மாயாவி' என்ற சொல்லைச் சேர்த்தார். இதன் பயனாகத் தலைப்பு கருவியிலிருந்து ஆளுக்கு நகர்ந்தது. மேலும், தொகையின் முதற்பகுதி கண்ணுக்குத் தெரிவதைச் சொல்கிறது. இரண்டாம் பகுதி தெரியாமற் போவதைச் சொல்கிறது. கதையின் கரு முழுவதும் இரண்டு சொற்களுள் அடங்கிவிட்டது. ஆங்கிலத் தலைப்புக்கு இந்தத் திறம் இல்லை.

'மாயாவி' என்னும் சொல்லின் வரலாறும் நோக்கத்தக்கது. இராமகாதையில் மாயாவி வாலியோடு பொருத அசுரன். வஞ்சகன், மாயம் செய்பவன் என்ற பொருளே பழைய வழக்கு. தொடக்கக் கதையில் கிராண்டேலும் கொள்ளையனாகவே திரிகிறான் என்பதால் சொல் அவனுக்கு மிகப் பொருந்திற்று. பின்னர் அவன் நீதியின் பக்கம் வந்து உளவுப்பணி ஏற்றபோது சொல்லும் அவனோடு உயர்ந்தது. மொழியியலார் உயர்பொருட்பேறு என்று வகைப்படுத்தும் மாற்றத்துக்கு இருபதாம் நூற்றாண்டுத் தமிழிலிருந்து இதனினும் தெளிவான சான்று காட்டுவது அரிது. ராணி காமிக்ஸ் அமெரிக்கச் சித்திரக்கதையின் முகமூடி வீரருக்கும் மாயாவி என்றே பெயரிட்டதற்கு இவ்வுயர்வே காரணம் எனலாம். 2005இல் 'மாயாவி' என்ற பெயரில் வெளிவந்த தமிழ்ப்படத்தின் நாயகன் ஒரு சில்லறைத் திருடன். அதில் நடித்தவரும் சூர்யாவே என்பது சுவையான தற்செயல்.

இனி, பேச்சு. முத்து காமிக்ஸின் பேச்சுக்குமிழ்களில் உள்ள தமிழை எழுத்துத் தமிழ் என்று மட்டும் சொல்லிவிட்டால் பாதியைத்தான் சொன்னவராவோம். வினைமுற்றுகளும் வேற்றுமை உருபுகளும் எழுத்துவழக்கின: 'வருகிறேன்', 'போய்விட்டான்', 'அவனை'. ஆனால் விளிகளும் வியப்பிடைச்சொற்களும் வசைகளும் பேச்சுவழக்கின: 'டேய்', 'அடச்சே', 'அடப்பாவி'. வாக்கியங்கள் குறுகியவை, எழுவாய் பெரும்பாலும் தொக்கு நிற்கும். ஆக, எவரும் பேசாத ஒரு பேச்சு இது. ஆயினும் படிப்பவர் எவரும் பேச்சென்றே ஏற்றுக்கொண்டனர். ஃபெர்கூசன் 1959இல் விளக்கிய இரட்டை வழக்கு நிலையில் வாழும் மொழிச் சமூகம், அச்சிட்ட உரையாடலுக்கென இயல்பாக உருவாக்கிக்கொண்ட இடைநிலை வடிவம் என்று இதனைக் கொள்ளலாம். ('டுமீல்' போன்ற ஒலிக்குறிப்புச் சொற்கள் தனி ஆய்வுக்குரியவை. துப்பாக்கி ஒலியையே கேட்டிராத கிராமத்துச் சிறுவனுக்கும் அதற்கொரு சொல் இருந்தது. திரையில் ஒலியே வந்துவிடுவதால் சொல்லுக்கு வேலை இல்லை.)

இந்த இடைநிலைத் தமிழ் ஒரு காலத்தில் அச்சுக்கும் திரைக்கும் பொதுவாக இருந்தது. நான் குடியிருக்கும் ஐதராபாத்தின் நாச்சாரம், என்.டி. ராமராவ் நிறுவிய ராமகிருஷ்ணா ஸ்டுடியோவால் பெயர் பெற்ற பகுதி. அவர் நாயகனாக நடித்த 'பாதாள பைரவி' 1951இல் தெலுங்கிலும் தமிழிலும் வெளிவந்தது. அதனைத் தயாரித்த நாகிரெட்டியும் சக்ரபாணியுமே 1947இல் 'சந்தமாமா'வையும் தமிழில் 'அம்புலிமாமா'வையும் தொடங்கியவர்கள். அம்புலிமாமாவில் மந்திரவாதி பேசிய தமிழும் திரையில் மந்திரவாதி பேசிய தமிழும் ஏறத்தாழ ஒன்றே. பத்திரிகையிலிருந்து திரைக்குச் செல்ல அன்று மொழித்தடை ஏதும் இருக்கவில்லை. பின்னர்த் தமிழ்த்திரை படிப்படியாகப் பேச்சுவழக்குக்கு மாறியது. 1977இல் வந்த '16 வயதினிலே' அம்மாற்றத்தின் தெளிவான எல்லைக்கல். சித்திரக்கதையோ பழைய இடத்திலேயே நின்றது.

இவ்விடைவெளியை வீட்டிலேயே காண நேர்ந்தது. என் மகளுக்குப் பத்து வயது. வீட்டில் தமிழ் பேசுவாள். பள்ளியில் தெலுங்கும் ஆங்கிலமும் பயில்கிறாள். தமிழ் எழுத்து இன்னும் கைவரவில்லை. ஆகவே மாயாவியை நானே படித்துக்காட்ட வேண்டியிருந்தது. குமிழ்களில் உள்ளதை என்னையறியாமலே பேச்சுத்தமிழாக மாற்றிப் படித்தேன். 'வருகிறேன்' என் வாயில் 'வரேன்' ஆயிற்று. இரண்டு பக்கங்கள் பொறுத்திருந்தவள், "அப்பா, நீ பேசற மாதிரியே இருக்கு. அதுல இருக்கிற மாதிரி படி" என்றாள். எழுதியுள்ளபடியே படித்தேன். சில சொற்கள் அவளுக்கு விளங்கவில்லை, பொருள் கேட்டுக்கொண்டாள். ஆனால் மாற்றிப் படிக்கச் சொல்லவில்லை. ஒரு குழந்தையின் விருப்பத்தை ஆய்வு முடிபாக முன்வைக்க நான் துணியவில்லை. எனினும் அவளுக்கு எழுத்துத்தமிழோடு ஏற்பட்ட முதல் உறவு மாயாவியின் வழியாக அமைந்தது என்பதை மறப்பதற்கில்லை.

திரைக்கு வருவோம். மற்றெந்தச் சித்திரக்கதை நாயகனையும்விட மாயாவிக்குப் பேச்சு இன்றியமையாதது. மறைந்தபின் அவனுக்கு முகமில்லை, உடலசைவில்லை. எஞ்சியிருப்பவை அந்தரத்தில் மிதக்கும் ஒரு கையும் ஒரு குரலும் மட்டுமே. நடிகரின் முகத்துக்காகச் செலவிட்ட பணம் அக்காட்சிகளில் பயன்படாது. குரல் பேசும் தமிழே அங்கே பாத்திரம்.

அத்தமிழ் எழுத்துவழக்காக இருக்கலாமெனில், இன்றைய திரையில் எழுத்துத்தமிழுக்கு இரண்டு இடங்களே விட்டுவைக்கப்பட்டுள்ளன: ஒன்று வரலாறு, மற்றொன்று நகைச்சுவை. 2022, 2023ஆம் ஆண்டுகளில் வெளிவந்த 'பொன்னியின் செல்வன்' படங்களில் சோழர் பேசிய தமிழைப் பார்வையாளர் தடையின்றி ஏற்றனர். 2006இல் 'இம்சை அரசன் 23ஆம் புலிகேசி'யில் அரசவைத் தமிழே சிரிப்புக்குரிய கருவியாயிற்று. அதே இயக்குநர் சிம்புதேவன் 2010இல் எடுத்த 'இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்', தலைப்பிலேயே சிவகாசிச் சித்திரக்கதைகளின் தொகைச்சொல் பாணியைப் பிடித்துக்கொண்ட படம். தமிழ் பேசும் மேற்கத்திய ஊர்களை அது அன்போடு படைத்தது. ஆயினும் கேலியின் வேலிக்குள் நின்றே படைத்தது. சித்திரக்கதையின் உலகை விளையாட்டாகவன்றி நம்பத்தக்கதாகவும் காட்ட முடியும் என்று எண்ணும் துணிவு அப்படத்துக்கு இல்லை என்பது என் குறை. சட்டையும் கால்சட்டையும் அணிந்த இக்காலத்து மனிதன் ஒருவன் திரையில் 'வருகிறேன்' என்றால் அரங்கு சிரிக்கும். இந்த அச்சம் நியாயமானதே.

பேச்சுத்தமிழே போதும் என்பார்க்கும் ஒரு வினா உண்டு. எவருடைய பேச்சு? குமிழ்த்தமிழுக்கு வட்டாரமும் இல்லை, சாதியும் இல்லை. ஆகவே நெல்லைச் சிறுவனுக்கும், யாழ்ப்பாணத்துச் சிறுவனுக்கும், தமிழகத்துக்கு வெளியே வளர்ந்த என் போன்றோர்க்கும் மாயாவி சம அளவில் உரியவராக இருந்தார். பேச்சுவழக்கை ஏற்ற கணமே அவருக்கு ஓர் ஊர் அமைந்துவிடும். அவ்வூர் பெரும்பாலும் சென்னையாகவே இருக்கும். தெலுங்கின் அனுபவம் இங்கே கருதத்தக்கது. கிடுகு ராமமூர்த்தியின் இயக்கத்தால் தெலுங்கு எழுத்து பேச்சுவழக்கை நெருங்கியது. ஆனால் நெருங்கியது கடலோர மாவட்டங்களின் வழக்கை. தெலங்கானா மக்கள் தம் பேச்சை நெடுங்காலம் திரையில் அடியாட்கள் வாயிலும் கோமாளிகள் வாயிலுமே கேட்க நேர்ந்தது. அக்குறையை நாச்சாரத்தில் என் அண்டை வீட்டார் இன்றும் சொல்வதுண்டு.

தொலைக்காட்சிக்கு உயிர்ப்போவியத் தொடராக எடுப்பின் சிக்கல் பெரிதும் குறையும். வரைந்த வாய் எழுத்துத்தமிழ் பேசுவதை எவரும் விந்தையாகக் கொள்வதில்லை. நடிகரைக் கொண்டு எடுக்கும் படத்துக்கு வேறொரு வழி எனக்குத் தோன்றுகிறது: கண்ணுக்குத் தெரியும் கிராண்டேல் ஊர்ப்பேச்சில் பேசட்டும், மறைந்த மாயாவி குமிழ்த்தமிழில் பேசட்டும். உருவம் நீங்கும்போது வட்டாரமும் நீங்கும். உருவமற்ற குரல் எழுத்துத்தமிழ் பேசுவது தமிழர் காதுக்குப் புதிதன்று. அசரீரி அப்படித்தான் பேசி வந்திருக்கிறது. ஆகவே அரங்கு சிரிக்க வாய்ப்பும் குறைவு.

இம்முறையில் நான்கு பக்கங்களை மகளுக்குப் படித்துக்காட்டினேன். மாற்றத்தை உடனே கண்டுகொண்டாள். பிறகு அதைப் பொருட்படுத்தவில்லை. உடல் பாதி மறைந்தும் மறையாமலும் நிற்கும் ஒரு கட்டத்தில் மட்டும் எனக்கே தடுமாற்றம் ஏற்பட்டது. அங்குள்ள குமிழை முதலில் 'வரேன்' என்றும், பிறகு திருத்தி 'வருகிறேன்' என்றும் படித்தேன். அவள் முதலாவதே சரி என்றாள். கால் இன்னும் தெரிகிறதாம்.