ப்ராஜெக்ட் ட்விங்கிள்: ஒரு அறிக்கை, ஒரு அத்தியாயம்

நியூ மெக்சிகோ என்று சொன்னாலே எல்லோரும் நேரா ராஸ்வெல்லுக்கு ஓடிவிடுவார்கள். அது எழுதி எழுதித் தேய்ந்துபோன சமாச்சாரம், அதை விடுங்க. அதற்கு அடுத்த வருஷம், 1948 கடைசியில், அதே மாநிலத்தில் தொடங்கிய பச்சை நெருப்புக் கோளங்கள் விவகாரம்தான் எனக்கு எப்பவும் பெரிய புதிராக இருந்திருக்கிறது. காரணம், இதைப் பார்த்தவர்களில் விமானிகள் உண்டு, பாதுகாப்பு அதிகாரிகள் உண்டு, அணுகுண்டு செய்த இடத்தில் வேலை பார்த்த விஞ்ஞானிகள் உண்டு. போதாக்குறைக்கு, விசாரிக்கப் போன விண்கல் நிபுணரே ஒன்றைக் கண்ணால் பார்த்துவிட்டார்.

இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு எழுத்துகளில் ஒன்றைத்தான் கையில் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். ஒன்று, விமானப்படையின் ப்ளூ புக் திட்டத்துக்குத் தலைவராக இருந்த எட்வர்ட் ரப்பெல்ட் 1956-இல் வெளியிட்ட புத்தகத்தின் நான்காவது அத்தியாயம். இன்னொன்று, 1951 நவம்பரில் லூயிஸ் எல்டர்மேன் எழுதிக்கொடுத்த ப்ராஜெக்ட் ட்விங்கிளின் இறுதி அறிக்கை. நம்புகிறவர்கள் முதலாவதைக் காட்டுவார்கள், நம்பாதவர்கள் இரண்டாவதை. இரண்டையும் அடுத்தடுத்து வைத்து வாசித்ததில் தோன்றியதை எழுதுகிறேன்.

முதலில் கதை, சுருக்கமாக. 1948 டிசம்பர் 5 இரவு, அல்புகர்க்கி பக்கம் பறந்துகொண்டிருந்த இரண்டு விமானங்கள், ஒன்று ராணுவத்துடையது, ஒன்று பயணிகளுடையது, சில நிமிஷ இடைவெளியில் பச்சை நிற நெருப்புக் கோளத்தைப் பார்த்ததாகச் சொல்கின்றன. நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தின் விண்கல் ஆய்வு நிறுவனத் தலைவர் லிங்கன் லபாஸைக் கூப்பிடுகிறார்கள். ஒரு வாரத்தில் அவரே ஒன்றைப் பார்க்கிறார். 1949 பிப்ரவரியில் லாஸ் அலமோஸில் கூட்டம் போடுகிறார்கள். எட்வர்ட் டெல்லர் உட்கார்ந்து விவாதிக்கிறார். கடைசியில் 1950-இல் விமானப்படையின் கேம்பிரிட்ஜ் ஆய்வுக்கூடம், ஹாலமன் தளத்தில் இருந்த ஒரு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டுக் கண்காணிப்பைத் தொடங்குகிறது. அதுதான் ட்விங்கிள்.

லபாஸ் லேசுப்பட்ட ஆள் இல்லை. அதே 1948 பிப்ரவரியில் கான்சாஸ், நெப்ராஸ்கா எல்லையில் ஒரு பெரிய விண்கல் விழுந்தது. அதைப் பார்த்தவர்களிடம் நிறுத்தி நிதானமாக விசாரித்து, எந்தத் திசையில் எந்த உயரத்தில் பார்த்தீங்க என்று கோணம் கோணமாக வரைபடத்தில் கோடு போட்டு விழுந்த இடத்தைக் குறுக்கிய குழுவில் முக்கியமானவர் அவர். அந்தக் கோடையில் ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள கல்லே வயலிலிருந்து கிடைத்தது. அப்படிப்பட்டவர் அதே முறையில் பச்சைக் கோளங்களைத் தேடிப் போய் ஒரு கூழாங்கல்கூடக் கிடைக்காமல் திரும்பினார். ரப்பெல்ட்டின் அத்தியாயத்தில் இது நன்றாக வந்திருக்கிறது. அவருக்குக் கதை சொல்லத் தெரியும், அதை மறுக்க முடியாது.

லபாஸ் அடுக்கிய காரணங்கள் இவை: கோளங்கள் தரைக்கு இணையாகப் போகின்றன, சத்தமே இல்லை, பின்னால் புகைத்தடம் இல்லை, துண்டுகள் இல்லை, நிறமோ சாதாரண எரிகற்களில் அவர் பார்த்திராத பச்சை. ரப்பெல்ட் இந்தப் பட்டியலை அப்படியே நம் முன் வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். எனக்கு இங்கேதான் உறுத்தல். ஒவ்வொன்றாகக் கேள்வி கேட்டிருக்க வேண்டாமா? வளிமண்டலத்தை மிகச் சாய்வாக உரசிக்கொண்டு வரும் எரிகல், கீழிருந்து பார்ப்பவருக்குத் தரைக்கு இணையாகப் போவதாகத்தான் தெரியும். மிக உயரத்திலேயே எரிந்து தீர்ந்துவிட்டால் சத்தமும் வராது, கல்லும் கிடைக்காது. நிறத்துக்கு லபாஸ் சொன்ன மதிப்பீடு சுமார் 5200 ஆங்ஸ்ட்ராம். எரிகற்களில் சகஜமாக இருக்கும் மக்னீசியம் ஆவியாகும்போது வெளியிடும் பச்சைக் கோடுகள் 5170-5180 பக்கம் விழுகின்றன. கண்ணால் பார்த்துச் சொன்ன மதிப்பீட்டுக்கு இது பக்கத்து வீடு.

இதனால் விவகாரம் முடிந்தது என்று சொல்லவில்லை. லபாஸுக்கு இதெல்லாம் தெரியாமல் இல்லை, தெரிந்தேதான் மறுத்தார். இத்தனை கோளங்கள், ஒரே வட்டாரத்தில், சில மாதங்களுக்குள் ஏன் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. ஆனால் ரப்பெல்ட் வாசகனை அந்தக் கேள்வியில் நிறுத்தவில்லை. லாஸ் அலமோஸ் போனபோது அங்குள்ள விஞ்ஞானிகள் சிலர், பூமிக்கு மேலே பல நூறு மைல் உயரத்தில் நிற்கும் வேற்றுலகக் கலத்திலிருந்து இவை ஏவப்படலாம் என்று ஊகித்ததாக எழுதி, அந்த ஊகத்துக்கு அவர்களுடைய பதவியின் கனத்தையும் ஏற்றிவிடுகிறார். இயற்பியல் படித்தவர் காபி குடித்துக்கொண்டே சொன்னாலும் அது இயற்பியல் ஆகிவிடாதுங்க.

சரி, அறிக்கைக்கு வருவோம். இங்கே எனக்குக் கோபமே வந்தது.

ஒரு பொருளின் உயரத்தையும் வேகத்தையும் அளக்க, தூரம் தள்ளி வைத்த குறைந்தது இரண்டு கேமராக்கள் ஒரே நேரத்தில் அதையே படம் பிடிக்க வேண்டும். கட்டைவிரலை நீட்டி ஒரு கண்ணை மாற்றி ஒரு கண்ணை மூடிப் பாருங்க, விரல் நகர்வது போலத் தெரியும் இல்லையா, அதே சூத்திரம்தான். ஒயிட் சாண்ட்ஸில் ராக்கெட்டுகளை அளக்க இதற்கென்றே சினிதியோடலைட் கருவிகள் இருந்தன. ரப்பெல்ட் சொல்வதன்படி ட்விங்கிளுக்குத் திட்டமிட்டது மூன்று நிலையங்கள், உண்மையில் கிடைத்தது ஒன்று. புகார் வந்த இடத்துக்கெல்லாம் அதைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். கொரியப் போர் ஆளையும் கருவியையும் இழுத்துக்கொண்டது. கண்காணிப்பு நிலையம் அமைத்த இடங்களில் ஒன்றின் பெயர் வான் (தமிழில் எழுதும்போதுதான் இந்த வேடிக்கை தெரிகிறது). அங்கே காவல் இருந்த காலத்தில் உருப்படியாக எதுவும் சிக்கவில்லை.

1950 ஏப்ரல் 27, மே 24 ஆகிய நாட்களில் ஹாலமன் தளத்தில் ஏதோ படத்தில் விழுந்தது. பகல் வெளிச்சத்தில், பச்சைக் கோளம் அல்ல, வேறு ஏதோ. இறுதி அறிக்கை இதை ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகிறது: இரண்டு கேமராக்களும் ஒரே பொருளை ஒரே நேரத்தில் பிடிக்கவில்லை, ஆகவே தகவல் எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் அதே தளத்தின் தரவுப் பிரிவு, ஒரு நிலையத்தின் படச்சுருளையும் இன்னொரு நிலையத்தின் ஒற்றைக் கோணத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, சுமார் 1,50,000 அடி உயரம், சுமார் 30 அடி விட்டம் என்று ஒரு குறிப்பு எழுதியிருந்தது. அந்தக் கணக்கு தப்பாகவே இருக்கலாம். இரண்டு நிலையங்களும் பார்த்தது ஒரே பொருளைத்தானா என்பதே கேள்விக்குரியது. அப்படியானால், கணக்கு இது, இன்ன காரணத்தால் ஏற்கவில்லை என்று எழுதுவதுதானே ஆய்வாளரின் வேலை? ஒன்றுமே கிடைக்கவில்லை என்று எழுதுவது எந்த ஊர் நியாயம்?

முடிவுரை இன்னும் மோசம். பார்த்தவற்றில் பெரும்பகுதி பறவை, பலூன், விமானம், கோள்கள், எரிகல் என்கிறது. அது நியாயம்தான். பிறகு, பூமி எரிகற்கள் அடர்ந்த ஒரு பகுதியைக் கடந்துகொண்டிருக்கலாம், 1948-இன் சூரியப்புள்ளி உச்சமும் ஏதோ ஒரு விதத்தில் காரணமாக இருக்கலாம் என்கிறது. அந்த ‘ஏதோ ஒரு விதத்தில்’ என்ற இடத்தில் நான் பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். எந்த விதத்தில்? ரப்பெல்ட் வேற்றுலகக் கலத்தை மேலே நிறுத்திய அதே வெற்றிடத்தில் எல்டர்மேன் சூரியப்புள்ளியை நிறுத்துகிறார். அவ்வளவுதான் வித்தியாசம். அதை வைத்து, மேற்கொண்டு பணம் செலவழிக்க வேண்டாம் என்ற பரிந்துரை வேறு.

அந்த நிறுவனத்துக்கு உள்ளேயே இந்த அறிக்கை திருப்தி தரவில்லை என்பது 1952 பிப்ரவரிக் கடிதம் ஒன்றில் தெரிகிறது. ரகசிய முத்திரையை எடுக்க வேண்டாம் என்று அதில் வாதிடுகிறார்கள். சொல்லும் காரணம்: நெருப்புக் கோளங்களுக்கு ட்விங்கிள் எந்த அறிவியல் விளக்கமும் தரவில்லை, மதிப்புள்ள சில விஞ்ஞானிகள் இன்னமும் இவை மனிதர் செய்தவை என்றே நம்புகிறார்கள்.

மனிதர் செய்தவை என்றால் அன்றைக்கு அர்த்தம் சோவியத்துதான். 1949 ஜனவரியிலேயே எஃப்.பி.ஐ. குறிப்பொன்று இதை முக்கிய நிலையங்களின் பாதுகாப்பு என்ற தலைப்பில்தான் பேசுகிறது. வானத்தை அப்படிப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில்தான், ஆகஸ்ட் 1949-இல் சோவியத்து தன் முதல் அணுகுண்டை வெடித்தது. 1950 ஜனவரியில் கிளாஸ் ஃபூக்ஸ் லண்டனில் ஒப்புக்கொண்டார். லாஸ் அலமோஸின் ரகசியம் போனது 1944-46-இல் அங்கே வேலை பார்த்த அவர் மூலமாக, வாசல் வழியாக. இதை ரப்பெல்ட் தன் அத்தியாயத்தில் இணைத்துப் பார்த்திருந்தால், அந்தப் பதற்றம் பார்த்தவர்களின் கண்ணில் என்ன செய்திருக்கும் என்ற கேள்வியும் வந்திருக்கும். அந்தத் தளங்களில் இரவுக் காவலில் நின்றவர்களுக்கு மேலே பார்க்கச் சொல்லி உத்தரவு இருந்தது. மேலே பார்த்தால் எரிகல் தெரியும்தானே.

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். இதை வாசிக்க ஆரம்பிக்கும்போது லபாஸ் ஜெயிக்க வேண்டும் என்றுதான் ஆசைப்பட்டேன். மக்னீசியக் கணக்கு வந்த இடத்தில் கொஞ்சம் வருத்தம்கூட. இப்போதும் அந்தப் பச்சைக் கோளங்களில் பெரும்பாலானவை எரிகற்கள் என்றே நினைக்கிறேன், ஆனால் எல்டர்மேன் அறிக்கையை வைத்து அப்படி நினைக்கவில்லை.

வாசிக்க விரும்புகிறவர்கள் அறிக்கையிலிருந்து தொடங்குங்கள், ரப்பெல்ட்டைப் பிறகு வாசிக்கலாம். மாற்றி வாசித்தால் அவருடைய நடை உங்களை இழுத்துக்கொண்டு போய்விடும். 1960 பதிப்பில் அவர் மூன்று அத்தியாயங்களைக் கூடுதலாகச் சேர்த்து, முன்பு சொன்னதிலிருந்து நிறையவே பின்வாங்கியிருக்கிறார். அதையும் விட்டுவிடாதீங்க.