நீலம் பூசிய தேவதாரு

மொராக்கோ, அல்ஜீரியா நாடுகளின் அட்லஸ் மலைகளில் வளரும் சீடர் மரம், இமயமலைத் தேவதாருவுக்குப் பங்காளி. அதன் நீல வகைதான் ஐரோப்பியத் தோட்டங்களில் புல்வெளி நடுவே தனியாக நிற்கும் அழகன். அந்த நீலம் ஊசியிலைகள் மேல் படிந்த மெழுகு. விரலால் தேய்த்தால் அடியிலுள்ள பச்சை தெரியும். பீப்பாய் வடிவக் கூம்புகள் கிளைமேல் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும். முற்றியபின் முழுசாக விழுவதில்லை. மரத்திலேயே செதில் செதிலாக உதிரும்.

நல்ல வெயில் வேண்டும், வேரில் நீர் தேங்கக் கூடாது. வேறு பிடிவாதம் இல்லை. நர்சரியில் முழங்கால் உயரக் கன்றைப் பார்த்து மயங்கி, ஜன்னலோரம் நட்டுவிடுகிறார்கள். பின்னாளில் கிளைகளை வெட்டி வெட்டி மரத்தை மூளியாக்குகிறார்கள். 20 மீட்டருக்கு மேல் வளரும், அகலத்திலும் தாராளம்தான். இடமில்லாதவர்கள் இதை நடவே வேண்டாம்.