அன்னையின் பெயரும் அரைக்கூலியும்

ஏழைக்காக எழுதுகிறோம் என்று பறைசாற்றும் ஏடுகளை நாம் போற்றுகிறோம். இலாபம் எமது நோக்கமன்று என்று அவை உரைக்கும்பொழுது நமது மதிப்பு இன்னும் உயர்கிறது. ஆயினும், போற்றுதற்குரியதையும் பகுத்தறிவின் உரைகல்லில் தேய்த்துப் பார்ப்பது நம் கடன். அச்சான பக்கத்தை மட்டுமன்று, அலுவலகத்தின் கடைசி மேசையையும் காண்போம். பயிற்சியாளர் என்ற பெயரோடு அங்கே அமர்ந்திருக்கும் இளைஞருக்கு என்ன கூலி என்று கேட்போம்.

அமெரிக்க நாட்டில் ‘மதர் ஜோன்ஸ்’ என்றோர் ஏடு. 1976இல் சான்பிரான்சிஸ்கோ நகரிலே தோன்றியது. இலாப நோக்கற்ற நிறுவனம் நடத்துவது. எவர் பெயரைத் தாங்கி நிற்கிறது? மேரி ஹாரிஸ் ஜோன்ஸ் என்னும் மூதாட்டியின் பெயரை! அயர்லாந்திலே பிறந்து, ஆசிரியையாகவும் தையற்காரியாகவும் உழைத்தவர் அவர். கணவனையும் நான்கு குழந்தைகளையும் 1867இல் மஞ்சள் காய்ச்சலுக்குப் பறிகொடுத்து, பின்னர் தொழிலாளர் உலகத்தையே குடும்பமாகக் கொண்டவர். 1903இல், ஆலைகளில் உழன்ற சிறுவர்களை அழைத்துக்கொண்டு, பிலடெல்பியாவிலிருந்து குடியரசுத் தலைவர் தியோடர் ரூசுவெல்ட்டின் கோடை இல்லம் நோக்கி நடந்தார். வாரத்திற்கு 60 மணி உழைப்பை 55 ஆக்குக என்பதே கோரிக்கை. தலைவர் காண மறுத்தார். வரலாறு அந்த மூதாட்டியை மறக்க மறுத்தது!

அத்தகைய அன்னையின் பெயர் தாங்கிய ஏட்டிலே, 2013இல் பயிற்சியாளர் பெற்ற உதவித்தொகை தொடக்கத்தில் மாதம் 1,000 டாலர். அவ்வாண்டு அந்நகரின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 10.55 டாலர். வாரம் 40 மணி உழைப்பவருக்கு, அக்கணக்குப்படி, மாதம் ஏறத்தாழ 1,800 டாலர் வரவேண்டும். பயிற்சியாளர் வேடிக்கை பார்த்தா அமர்ந்திருந்தார்? கட்டுரையில் வரும் பெயரும் ஆண்டும் எண்ணும் மெய்தானா என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். ஏட்டின் நாணயத்தைக் காப்பதே அந்த வேலை!

1865 முதல் வெளிவரும் ‘தி நேஷன்’ ஏட்டின் கதையும் இதுவே. அதன் பயிற்சித் திட்டத்தை நடத்திய இலாப நோக்கற்ற நிறுவனம் தந்தது வாரம் 150 டாலர். நாட்டுச் சட்டப்படி குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர், 40 மணிக்கு 290 டாலர். 2013இல் பயிற்சியாளர்களே மடல் தீட்டி நியாயம் கேட்டனர். குறைந்தபட்சக் கூலி தர நிறுவனம் இசைந்தது. கண்டனம் எழுந்தபின் ‘மதர் ஜோன்ஸ்’ ஏடும் தொகையை உயர்த்தியது. திருந்தியதை வரவேற்கிறோம். ஆனால், கேட்ட பிறகுதானா நீதி பிறக்கவேண்டும்?

“இலாபமில்லாத ஏடு; கொடுக்கப் பணம் ஏது? தொழில் கற்றுக்கொள்கிறாரே, போதாதா?” என்பர். கேட்கிறோம்: காகித வணிகரிடம் சென்று, “நாங்கள் இலட்சியவாதிகள், பாதி விலைக்குத் தருக” என்கிறார்களா? கட்டடத்தின் சொந்தக்காரருக்கு வாடகையைக் குறைத்தா தருகிறார்கள்? வன்மையுள்ளவருக்கு முழு விலை; வாய் திறக்க அஞ்சும் இளைஞருக்கு மட்டும் “சேவை” என்னும் சொல்! சட்டத்தைக் காட்டுவோரும் உண்டு. 2010இல் அந்நாட்டுத் தொழிலாளர் துறை வகுத்த பயிற்சி நெறிகள் இலாப நிறுவனங்களையே நோக்கின. இலாப நோக்கற்ற இடங்களில் ஊதியமின்றித் தாமே முன்வந்து உழைப்பதைப் பொதுவாக ஏற்றன. சட்டம் விட்டுவைத்த சந்து, அறம் நடக்கும் வீதியாகிவிடுமா?

பணம் மட்டுமன்று இங்கே வழக்கு. அரைக்கூலியில் பெருநகரில் ஆறு திங்கள் வாழ எவரால் இயலும்? வீட்டிலிருந்து பணம் வருபவரால் இயலும். மூட்டை சுமப்பவர் மகளால், ஆலைத் தொழிலாளி மகனால் இயலாது. வறுமையை அறிந்தவர் வாயிற்படியில் நிற்க, வறுமையைப் பற்றி எழுதும் பேனா வசதி படைத்தவர் கைக்குப் போகும். இன்றைய பயிற்சியாளர்களிலிருந்தே நாளைய ஆசிரியர்கள் வருகிறார்கள். எனவே, கடைசி மேசையில் நேரும் அநீதி ஆண்டு சில கழித்து முதற்பக்கத்தில் தெரியும்: எவர் துயர் செய்தி, எவர் துயர் செய்தியன்று என்ற தேர்விலே!

தோழர்களே! ஏடு நடத்துவோர் உங்களில் உண்டு. ஏட்டில் பயிலச் செல்வோரும் உண்டு. நடத்துவோர், தலையங்கம் தீட்டுமுன் சம்பளப் பட்டியலைப் பாருங்கள். பயிலச் செல்வோர், நாணாமல் கூலி கேளுங்கள். ஊருக்கு உரைக்கும் நீதி, உள்ளே அமர்ந்து உழைப்பவருக்கு முதலில் கிடைக்கட்டும்!